பதினான்கு நிமிடக் கோப்பு

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

மாதா திருவிழா நேற்றோடு முடிந்தது. மாதாவுக்கு நேர்ந்து கட்டிய காவிச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மூன்று நாள் லீவில் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது.

நோயலின் ஸ்கூலில் யாராவது "உங்க வீட்டுக்காரம்மா என்ன வேலை?" என்று கேட்டால் அவர் திணறுவார். நானே திணறுவேன். ஒருவர் தன் வீடியோவை எங்களிடம் பதிவு செய்வார். எங்கள் சாஃப்ட்வேர் அதிலிருந்து ஒரு அடையாளத்தை, நாங்கள் கைரேகை என்போம், எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு யார் எங்கே அதை ஏற்றினாலும், ஓரத்தை வெட்டினாலும், நிறத்தை மாற்றினாலும், இடவலமாகத் திருப்பினாலும் தேடிப் பிடித்துவிடும். மெஷின் 'இது அதுதான்' என்று சொல்வதை, அதாவது மேட்ச்சை, ஒரு ஆள் பார்த்து 'ஆமாம்' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தப் பிரதி இணையத்திலிருந்து போய்விடும். ஆறு வருடமாக அழுத்துகிறேன்.

இன்று பெரும்பாலும் ஒரே வீடியோ. சிசிடிவி திரையை யாரோ போனில் படம் பிடித்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு நொடி. ஒரு அபார்ட்மென்ட்டின் பின்பக்கம், மூடி திறந்த கழிவுநீர்த் தொட்டி, அதற்குள் இறங்கும் ஒருவர். மூலத்தை எங்களிடம் பதிவு செய்திருந்தது அந்த அபார்ட்மென்ட்டைப் பராமரிக்கும் கம்பெனி. 212 பிரதிகள். எல்லாவற்றுக்கும் ஆமாம். நான்கு மணிக்குள் முடித்துவிட்டேன். மேனேஜர் சுதீர் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

செப்டம்பர் 10, புதன்

வீடியோவை நீக்கியது தவறு என்று யாராவது முறையிட்டால், தமிழிலும் கன்னடத்திலும் வருபவை எனக்கு வரும். இன்று வந்தது:

'இதுல செத்தது என் வீட்டுக்காரர் கோவிந்தப்பா. நான்தான் போட்டேன். எடுக்காதீங்க மேடம். இத விட்டா எங்கிட்ட வேற சாட்சி இல்ல. – காந்தா, ஆஸ்டின் டவுன்.'

விதிப்படி எனக்குள்ள கேள்வி ஒன்றுதான். படம் யாருடையது? கேமரா அந்தக் கம்பெனியுடையது. நிராகரித்தேன். பதில் கடிதம் ஏற்கெனவே தயாராக இருக்கும், பெயரை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அந்த 212-ல் காந்தாவுடையது எத்தனையாவது என்று தேடிப் பார்த்தேன். முதலாவது. மற்றதெல்லாம் அதிலிருந்து பரவியவை.

செப்டம்பர் 12, வெள்ளி

மறுபடி முறையீடு. ஒரே வரி. 'படத்தப் பாத்தீங்களா?'

பார்க்கவில்லை. நாங்கள் பார்ப்பது மெஷின் அருகருகே வைத்துக் காட்டும் இரண்டு நொடித் துண்டுகள். கம்பெனி பதிவு செய்த மூலக் கோப்பை யாரும் முழுதாகத் திறப்பதில்லை. இன்று திறந்தேன். பதினான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. சத்தம் கிடையாது.

கோவிந்தப்பா தொட்டி அருகே நிற்கிறார். டீஷர்ட் போட்ட சூப்பர்வைசர் உள்ளே கை காட்டுகிறான். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். திரும்பி நடக்கிறார். அவன் தோளைப் பிடித்து இழுத்து வருகிறான். மறுபடி கையை ஆட்டுகிறார். மூன்றாவது தடவையும். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்குகிறார். கயிறு இல்லை, பாதுகாப்பு பெல்ட் இல்லை, முகத்துக்கு மாஸ்க் இல்லை. காந்தா போட்டதில் இந்தக் கடைசித் துண்டு மட்டும்தான் இருந்தது, தானாக இறங்கியது போல.

அவர் வெளியே வரவில்லை. சூப்பர்வைசர் குனிந்து பார்க்கிறான். போனில் பேசுகிறான். ஆறு நிமிடம். பிறகு வேனுக்குப் போய் ஒரு புது பெல்ட்டும் கயிறும் கொண்டு வந்து தொட்டி ஓரத்தில் பரப்பி வைக்கிறான். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட ஓடுகிறான்.

பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து மற்ற வேலையைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன்னு தெரியல.

செப்டம்பர் 13, சனி

காலையில் நோயல் பேப்பரில் படித்துக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகத்தான். கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர் குடித்திருந்தார், பெல்ட் கொடுத்தும் மறுத்துத் தானே இறங்கினார் என்று கம்பெனி போலீசில் சொல்லியிருக்கிறது. அன்றைக்குக் கேமரா ரிப்பேரில் இருந்ததாம், பதிவே இல்லையாம். குடும்பத்தின் வக்கீல் ஜெயலக்ஷ்மி இதை மறுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும் நோயலிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கேமரா ரிப்பேர்னா உங்ககிட்ட எதைப் பதிவு பண்ணாங்க?"

அதான். வீடியோ பரவாமல் இருக்க அதைத் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்க மூலக் கோப்பையே எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். இல்லாத படம் எங்கள் சர்வரில் இருக்கிறது.

வாடிக்கையாளர் கோப்பைப் பற்றி வெளியில் பேசுவதில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நோயல் அதை ஒரு தடவை ஞாபகப்படுத்தினார். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்ததும் வக்கீல் ஜெயலக்ஷ்மிக்குப் போன் செய்தேன். வரச் சொன்னார். அறுபது வயதிருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

நகல் எடுத்து வரவா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். திருட்டு நகல் என்று கோர்ட்டில் தள்ளிவிடுவார்களாம், நானும் மாட்டுவேனாம். "ஃபைல் அங்கயே இருக்கட்டும். அதோட நம்பரும் பதிவு பண்ண தேதியும் சொல்லுங்க. அழிக்கக் கூடாதுன்னு போலீஸ்ல நோட்டீஸ் அனுப்ப வைக்கிறேன்." சொன்னேன். அந்த இடத்தில் கையெழுத்தை மீறினேன்.

கிளம்பும்போது காந்தா வந்தார். வீட்டு வேலை முடித்து நேராக வருகிறார் போல, சேலை முந்தானை ஈரம். யார் என்று வக்கீல் சொன்னார்.

"நான் போட்டத நீங்கதான் எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

முந்தானையைப் பிழிந்துவிட்டு வக்கீல் எதிரே போய் உட்கார்ந்தார். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 15, திங்கள்

கம்பெனி தன் கோப்பைத் திரும்பப் பெற விண்ணப்பித்திருக்கிறது. பிரதிகள் எல்லாம் போய்விட்டன, இனி தேவையில்லை என்று காரணம். யாரோ அவர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு அழிந்துவிடும். கைரேகை மட்டும் மிஞ்சும். அது வெறும் எண்கள். அதை வைத்து இன்னொரு பிரதியை அடையாளம் காணலாம். கோவிந்தப்பா கையை ஆட்டியதை அதிலிருந்து திரும்ப வரவழைக்க முடியாது.

வக்கீலுக்குச் சொன்னேன். "வியாழனா" என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சுதீரிடம் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பில் குற்றம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அதை நிறுத்தி வைக்கலாமா என்று. அவர் முகம் மாறியது.

"மேட்ச் தப்பா லீனா?"

இல்லை, சரிதான் என்றேன்.

"அப்ப அது நம்ம கேஸ் இல்ல. நாம போலீஸ் இல்ல, ஜட்ஜும் இல்ல. ஒண்ணு விட்டா நாளைக்கு எல்லா கிளையன்ட்டும் ஓடிடுவான். சும்மா தலைய விடாத, ப்ளீஸ்."

கெட்டவர் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூன்று வாரம் என் வேலையைத் தானே பார்த்தவர். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

வக்கீல் ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்களாம். நாளைக்குத்தானே அஞ்சு மணி?

செப்டம்பர் 18, வியாழன்

பதினோரு மணி, நோட்டீஸ் இல்லை. இரண்டு மணி, இல்லை. மூன்றே காலுக்கு வக்கீல் போன். இன்ஸ்பெக்டர் கடிதத்தை வாங்கிக்கொண்டார், மேலதிகாரியிடம் கேட்டுத்தான் அனுப்புவாராம். "இன்னைக்கு ஆகாதும்மா" என்றார்.

திரையில் அந்தக் கோப்பின் பக்கத்தில் சிவப்பில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 1:22. 1:21.

எங்கள் விதிகளைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். ஆறு வருடத்தில் இப்படிப் படித்ததில்லை. பதினெட்டாவது பக்கத்தில் இருந்தது. ஒரு முறையீட்டை முடித்த ஆளே தன் முடிவு தவறு என்று எழுதிக் கொடுத்தால், அது மீண்டும் திறக்கப்படும். திறந்திருக்கும் பதினைந்து நாளும் மூலக் கோப்பை யாரும் அழிக்க முடியாது. பதிவு செய்தவரே கேட்டாலும் முடியாது.

தவறு என்று எழுதினால் என் பெயரில் விசாரணை வரும். ஏன் இப்போது, யாருக்காக என்று கேட்பார்கள். என் போனில் யாரிடம் பேசினேன் என்று கேட்பார்கள். நான் பொய் சொல்லத் தெரியாதவள்.

நோயலுக்குப் போன் செய்தேன். கிளாஸில் இருந்தார், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கேட்டுவிட்டுச் செய்வதா, செய்துவிட்டுச் சொல்வதா?

நாலு முப்பத்தாறுக்கு எழுதினேன்: 'மேட்ச் சரி. முடிவு தவறு. மூலக் கோப்பைப் பார்க்காமலே முறையீட்டை நிராகரித்தேன். மறுபரிசீலனை தேவை. – லீனா.' அனுப்பு என்பதை அழுத்தினேன்.

சிவப்பு எண்கள் 0:23-ல் நின்றன. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்தது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 19, வெள்ளி

சுதீர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், ஏன் என்று. எல்லாம் சொன்னேன், வக்கீலிடம் போனது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இத நான் கேக்கலன்னு சொல்ல முடியாதே லீனா" என்றார். இல்லை, முடியாது. மேலே எழுதி அனுப்பிவிட்டார். மதியமே என் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டார்கள்.

நோயல் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது, "பூட்டு எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 24, புதன்

வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸ் வந்ததா என்று யாரிடமும் கேட்க முடியாது. பதினைந்தில் ஆறு நாள் போய்விட்டது.

செப்டம்பர் 29, திங்கள்

வக்கீல் ஸ்டேஷனை விட்டுவிட்டு கோர்ட்டுக்கே போய்விட்டார். கோப்பை அழிக்கக் கூடாது, போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இன்று உத்தரவு. ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வாடிக்கையாளர் தகவலை வெளியில் சொன்னதற்காக என்னை நீக்கிவிட்டார்கள். சொன்னது உண்மைதான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சுதீர் லிஃப்ட் வரை வந்தார். கோர்ட் உத்தரவுக்காகக் கோப்பைத் தரப்போகும்போது அவர்தான் சரிபார்க்க வேண்டியிருந்ததாம். "நாலாவது நிமிஷத்துல நிறுத்திட்டேன். மேல பாக்க முடியல" என்றார். லிஃப்ட் வந்துவிட்டது.

நவம்பர் 22, சனி

சூப்பர்வைசரையும் கம்பெனி பங்குதாரர் ஒருவரையும் கைது செய்து நாலு வாரமாகிறது. திங்கட்கிழமை ஜாமீன் மனு. அன்றைக்கு நீதிபதி வீடியோவைப் பார்ப்பார் என்று வக்கீல் சொன்னார்.

இன்று காலை காந்தா காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், விலாசம் விசாரித்துக்கொண்டு. நோயல் நாற்காலி போட்டார். தண்ணீர் குடித்துவிட்டுக் காந்தா சொன்னார்:

"திங்கக்கிழம அங்க போட்டுக் காட்டுவாங்களாம். அத்தன பேரு முன்னாடி மொத மொதல்ல பாக்க என்னால ஆகாது. நீங்க பாத்திருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். வேண்டாம் என்று மூன்று தடவை கையை ஆட்டினார் என்றபோது, எப்படி என்று கேட்டார். ஆட்டிக் காட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சவரு அப்பிடிச் சொல்ல மாட்டாரு" என்றார். பிறகு, "மீதியும் சொல்லுங்க."

பெல்ட், கயிறு, ஆறு நிமிடம், எதையும் விடவில்லை. நடுவில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார், இரண்டு தடவையும் அவரே தொடரச் சொன்னார். முடிக்கும்போது மதியமாகிவிட்டது. சாதம் போட்டேன், சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். வழக்கு விசாரணைக்கு வரும்போது கூப்பிடப்போகும் சாட்சிகள் பட்டியலில் என் பெயர் நான்காவது.