"சரி" சொல்ல ஒருவர்

மார்ச் 3, செவ்வாய்

பேருந்தில் நின்றபடியே இருபது பக்கம் படித்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. ஆய்வுக்கூடத்தில் வழக்கம்போல: ரத்தக் குப்பியில் நான் ஒட்டிய எண்ணை உரக்கப் படிப்பேன், எதிரே அக்கா நோயாளியின் சீட்டைப் பார்த்து "சரி" என்பாள். ஒரு நாளைக்கு நானூறு "சரி". உடன்பிறந்தவள் இல்லை. ஆறு வருடமாக எதிர் நாற்காலி.

மார்ச் 7, சனி

எம்.பி.ஏ. வகுப்பு. எல்லோருக்கும் தூக்கம் கெட்ட கண்கள். கட்டுரை கேட்டிருக்கிறார்கள்: வேலையிடத்தில் வீணாகும் உழைப்பு ஒன்றைக் கண்டுபிடித்து நீக்குக. மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

மார்ச் 8

எதை எழுத? கையருகில் இருப்பதைத்தான்.

மார்ச் 12, வியாழன்

பன்னிரண்டு பக்கம். ஒரு ஸ்கேனர் வாங்கினால் எண்ணை அதுவே படித்துக்கொள்ளும். இரண்டாவது ஆள் மிகை. ஆறு வருடத்தில் அக்கா பிடித்த தவறுகள் ஒன்பது. ஒன்பதும் நான் மாற்றி ஒட்டியவை. அதை அடிக்குறிப்பில் போட்டேன், பொடி எழுத்தில்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி எழுதித் தள்ற, மேனேஜரம்மா? பெரிய ஆளானதும் எனக்கு ஜன்னலோரமா ஒரு சீட் போட்டுக் குடு."

சிரித்தேன். தாளை மூடிக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

பொறுப்பாளர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர். என் விடுப்புக் கடிதத்தில் தலைகீழாகப் போட்டவர். அந்தத் தைரியத்தில் கட்டுரையை நீட்டினேன். இன்றைக்குப் பார்த்துக் கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

"நல்லா இருக்கும்மா. மேல அனுப்புறேன்."

சும்மா காலேஜுக்குத்தான் சார் — சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லையா, மனசு வரவில்லையா? "தேங்க்ஸ் சார்" மட்டும் வந்தது.

மார்ச் 28

வகுப்பிலேயே முதல் மதிப்பெண்.

ஏப்ரல் 9, வியாழன்

மே மாதத்திலிருந்து திட்டமிடல் பிரிவில் எனக்கு இடம். இதுக்குத்தானே ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சேன்? அப்புறம் ஏன் இப்படி இருக்கு?

அக்காவின் ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. கட்டுரை அவள் கைக்கும் போயிருக்கிறது. திட்டவில்லை. "எல்லாப் பக்கத்துலயும் இரண்டாவது ஆள், இரண்டாவது ஆள்னே போட்டிருக்க. என் பேரையே போட்டிருக்கலாமேடி."

ஏப்ரல் 10

அவளுக்குக் கடைசி நாள். இன்று அவள் "சரி" ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

ஏப்ரல் 30, வியாழன்

ஆய்வுக்கூடத்தில் கடைசி நாள். ஸ்கேனர் நானூறு முறை கீச்சிட்டது. ஒட்டியதைப் படிக்கும். ஒட்டியது யாருடையது என்று கேட்காது. பழக்கதோஷத்தில் ஒவ்வோர் எண்ணையும் உரக்கப் படித்தேன், கொஞ்சம் காத்திருந்தேன், அடுத்ததை எடுத்தேன்.

மாலையில் பதிவேட்டில் எழுதினேன்: தவறுகள் — இல்லை.

இருந்திருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?