பதினெட்டும் இருபதும்

நீ எழுந்திருக்குமுன் கிளம்புகிறேன். பில்லோடு கட்டி வைத்திருக்கிறாயே, அந்தப் பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுக்காதே. பெட்டி காலி. பேட்டரி என் டிரில்லோடு வேலைக்குப் போகிறது.

பழையது அரை மணி கூடத் தாங்கவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டுத்தான் வாங்கினாய். "இருபது வோல்ட் மிஷினுக்குப் பதினெட்டா? படிக்கத் தெரியாதா?" என்று உன் தம்பி எதிரில் எடுத்தெறிந்து பேசினேன். "ஒரே கம்பெனி, ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்றாய். நான் காதிலேயே வாங்கவில்லை.

விடிகாலையில் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே இருபதைத் தாண்டிக் காட்டின. உள்ளே இரண்டிலும் ஐந்து செல்தான். சார்ஜ் ஏறியதும் இருக்கிற இருபதை ஒன்றின் மேல் எழுதியிருக்கிறார்கள், வேலை செய்யும்போது நிற்கிற பதினெட்டை மற்றதன் மேல். இத்தனை வருஷம் தச்சு வேலை பார்த்து எனக்கு இது தெரியவில்லை.

சோறு வடித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் போகாதே.

இன்னொன்று, இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: உன் தம்பி சாயங்காலம் ஊருக்குக் கிளம்பினால் விடாதே. நான் வரும்வரை இருக்கட்டும். அவன் எதிரில் சொன்னதை அவன் எதிரில்தான் திருப்பி வாங்க வேண்டும்.