உப்பு எங்கே போகும்?

10 பிப்ரவரி 2025, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் கடல் நீரோட்டம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் ஆய்வுக்கு வந்த அதிகாரி. துருவக் கடலில் குளிரால் தண்ணீர் கனத்து மூழ்குகிறது, அடியிலேயே மெல்ல நகர்ந்து உலகம் முழுக்கப் போகிறது என்று சொல்லி முடித்தேன். கலைமதி எழுந்தாள். உப்பளத்தில் வேலை செய்யும் சின்னப்பாப்பாவின் மகள்.

"மிஸ், அங்க கடல் ஐஸ் ஆவும்போது உப்பு எங்க போவும்? மழ பெஞ்சா எங்க உப்புப் பாத்தியில நல்ல தண்ணி மேலயே நிக்குது, உப்புத் தண்ணி அடியில கெடக்குது. அப்ப குளிர் மட்டும்தான் காரணமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"உப்பளத்துப் புத்திய உப்பளத்தோட வெச்சுக்க. உக்காரு" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அதிகாரியும்.

11 பிப்ரவரி

கலைமதி வரவில்லை.

12 பிப்ரவரி

இன்றும் இல்லை. தேடிப் படித்தேன். கடல்நீர் உறையும்போது பெரும்பாலான உப்பு பனிக்கட்டிக்குள் போவதில்லை, வெளியே தள்ளப்படுகிறது. அது சேர்ந்த தண்ணீர் இன்னும் கனத்து மூழ்குகிறது. குளிர், உப்பு — இரண்டும்தான்.

பதினஞ்சு வருஷமா நடத்துறேன். ஒரு நாளாவது எனக்குத் தோணுச்சா? சரி, தெரியல. தெரியலன்னு சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு?

14 பிப்ரவரி

பள்ளி விட்டதும் உப்பளத்துக்குப் போனேன். கலைமதி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"தலவலின்னு சொன்னா டீச்சர். வூட்ல சும்மா கெடக்க முடியலன்னு இங்க வந்துட்டா" என்றார் சின்னப்பாப்பா. "உங்க க்ளாஸுன்னா அவளுக்கு உசுரு."

அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். "அட்டெண்டன்ஸ் கொறையுது, அனுப்பி வைங்க" என்றேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். சே.

17 பிப்ரவரி, திங்கள்

வந்திருந்தாள். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "கலைமதி கேட்டது சரி. எனக்குத்தான் தெரியல. நான் பேசினது தப்பு. மன்னிச்சிடும்மா."

யாரும் சிரிக்கவில்லை. "பரவால்ல மிஸ்" என்றாள், நோட்டைப் பார்த்தபடியே.

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

4 மார்ச்

"டவுட் இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் அவளைப் பார்க்கிறேன். தலை நிமிர்வதில்லை. டெஸ்டில் இருபத்தைந்துக்கு இருபத்துநான்கு.

11 மார்ச்

கணக்கு ஆசிரியர் அரவிந்தன் ஸ்டாஃப் ரூமில் சொன்னார்: "உங்க கலைமதி எங்கிட்ட வந்து கேக்குறா. வடக்க ஐஸெல்லாம் உருகி நல்ல தண்ணி மேல நின்னுட்டா, தண்ணி முழுகாம அந்த ஓட்டமே நின்னுடுமான்னு. எனக்கென்ன தெரியும்? சூர்யகலா மிஸ்ஸக் கேளுன்னு உங்ககிட்டத்தான் போகச் சொன்னேன். 'வேணாம் சார்'னுட்டா."

ஓட்டம் பலவீனமாகலாம், எப்போது, எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை என்று அவருக்கு விளக்கினேன். கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர், அதன்மேல் மை கலந்த நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் காட்டினேன்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க சார்."

மத்தியானம் வராந்தாவில் அவர் டம்ளரைப் பிடித்திருக்க, கலைமதி கையை ஆட்டி ஆட்டிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் வகுப்புக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனேன்.