செல்வம் தொட்ட கம்பம்

ஞாயிறு, இரவு.

எங்கள் காஞ்சிபுரம் கூடைப்பந்துக் கழகப் போட்டியைத் தொடங்கிவைக்க இந்த ஆண்டு செல்வத்தை அழைத்திருந்தார்கள். இங்கே ஆடிப் பெயர் வாங்கியவர். பிறகு சென்னை அணிக்குப் போய், அதே ஆண்டு இறுதியாட்டத்தில் எங்களையே தோற்கடித்தவர். அதற்குப் பின் எத்தனை கோப்பை வென்றாலும், ஊரில் அவர் 'விட்டுட்டுப் போனவன்'தான்.

ஊர் வீரர்கள் களமிறங்குமுன் கிழக்குப் பக்கக் கூடைக் கம்பத்தைத் தொட்டுக் கும்பிடுவது வழக்கம். செல்வம் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். அந்த இறுதியாட்டத்தில் தோற்ற எங்கள் அணியின் தலைவர் தசரதன்தான் குரல் கொடுத்தார்.

"இன்னாபா செல்வம், புதுசா வெக்கம்? எங்கள தோக்கடிக்க வந்த அன்னிக்கே அத்த தொட்டுக் கும்புட்டுட்டுதான எறங்குன?"

"நீ பாத்தியாண்ணே?"

"பாத்துக்கினுதான் இருந்தேன். அப்பவே தெரியும், இன்னிக்கி நாங்க காலின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வம் உள்ளே வந்து கம்பத்தைத் தொட்டார். கையை எடுக்கச் சற்று நேரமானது.

பத்திரிகைக்கான செய்தியில் 'சென்னை அணியின் முன்னாள் வீரர்' என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, 'காஞ்சிபுரம் செல்வம்' என்று அனுப்பினேன். டெஸ்கில் செய்தியைத் திருத்துகிறவர்கள் யாரும் கைவைக்காமல் இருந்தால் சரி. நல்ல தூக்கம் வருகிறது.