இட்லிப்பூவில் இல்லாத தேனீ

ஸ்கூடாய்

அன்பு மகள் அபிகெயிலுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் உன் அப்பா சுகமாக இல்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், என் போனில் வருவதையும் அவர்தான் முதலில் திறந்து பார்க்கிறார். அதனால்தான் இதைப் பக்கத்து வீட்டு ஷாமளாவிடம் கொடுத்து போஸ் லாஜு விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்கிறேன். சபா மாநிலத்தில் அந்த மலைக்குள் நீ பாடம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

அப்பாவுக்கு வலது கண் மங்கிக்கொண்டே வருகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கொடுத்த தேதிக்கு அவர் போகவில்லை. கேட்டால், நீ வாங்கிக் கொடுத்த கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டதாம், அதனால்தான் மங்கலாம். ஈரம் போகட்டும் என்று அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்து, காலையில் எடுத்துத் துடைத்துக்கொண்டு வேலியோரம் இட்லிப்பூச் செடிக்கு முன்னால் முட்டி போடுகிறார். மூச்சைப் பிடித்து, உடம்பை மயிரிழை முன்னே பின்னே அசைத்து, பறக்கிற தேனீயின் கண்ணோரத்து ரோமம் வரை படத்தில் கொண்டுவருவாரே, அதே மனுஷன்தான். போன சனிக்கிழமை பூவைத் திருப்பப் போய்க் குளவிமேல் கையை வைத்துவிட்டார், கை வீங்கிப்போய்விட்டது. மறுநாளும் போனார், நான் பின்னாலேயே போய் நின்றேன். "நீலப்பட்டைத் தேனீ வந்திருச்சு, ஆடாம நில்லு லா" என்று என்னை அதட்டினார். அங்கே தேனீயே இல்லை அபி, காய்ந்த இதழ் ஒன்று சிலந்தி நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைத்தான் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். நீ "செம லா அப்பா, கண்ணு கூடத் தெரியுது" என்று எழுதினாய். சிங்கப்பூரில் தங்கி வேலை செய்கிற உன் தம்பி டாரிலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அங்கே லைன் கிடைக்காது, படம் முழுசாகத் திறந்திருக்காது, அப்பா சந்தோஷப்படட்டும் என்று பழக்கத்தில் எழுதியிருப்பாய். ஆனால் அந்த ஒரு வரியை என் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "டீச்சர் புள்ளயே கண்ணு தெரியுதுன்னு எழுதுது, நீ என்னா பெரிய டாக்டரா?" என்கிறார். அழுதேன், கத்தினேன், கோயில் ஃபாதரை விட்டும் சொல்லிப் பார்த்தேன், எதுவும் காதில் ஏறவில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்கு மறுபடியும் தேதி வாங்கியிருக்கிறேன். அதையும் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ உண்மையைச் சொன்னால் மனசு உடைந்துபோவார், தெரியும். உடையட்டும், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போகாதே. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. இது உன் கைக்கு வருகிற நாளிலும் அப்பா ஒரு படம் அனுப்புவார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே, தாயே. இதில் பூச்சி எங்கே இருக்கிறது அப்பா என்று கேள்.

கண்ணீருடன்,
உன் அம்மா
அந்தோணியம்மாள்