தூக்குக்குத் தப்பியவன்

அன்புள்ள அண்ணா,

சிறையிலிருந்து நீ விடுதலையானதும் அப்பா உன்னை வீட்டில் சேர்ப்பாரா என்று எழுதியிருந்தாய். நான் அவரிடம் கேட்கவில்லை. ரயில் கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றித் துள்ளலாக ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே டெக்சஸில் இந்த மாதிரிப் பாட்டென்றால் கடைசிச் சரணத்தில் அவனைத் தூக்கில் போட்டாக வேண்டும். உனக்குத் தெரியாததா?

நேற்று ஒத்திகையில் அப்பாவின் கொள்ளைக்காரன் தப்பித்து, குதிரையேறி வீட்டுக்கு வந்துவிட்டான். பிடில் வாசிக்கும் டெல்பர்ட் மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"யோவ், இதுவரைக்கும் எத்தனை பேரைத் தொங்கவிட்டிருக்க! இவனுக்கு மட்டும் என்ன சலுகை?"

"இவன் தொங்க மாட்டான். நீ வாசிடா."

"ஜனங்க சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும். அவங்கப்பன் கதவைத் திறந்து வச்சிட்டு நிக்கிறான்ல?"

அதன்பிறகு அப்பாவால் பாட முடியவில்லை. மாமாதான் மறுபடி தொடங்கி, வேகம் குறையாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

நேராக வீட்டுக்கு வா.

உன் தங்கை