எழுந்து நின்ற அப்பா

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய மாத்திரைகள் வந்து சேர்ந்தன. இங்கே ரெம்பாவ் பக்கம் ஓயாத மழை.

படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்போருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன் அல்லவா, நேற்று அதிகாரி நேரில் பார்க்க வந்தார். இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் அது கிடைக்காவிட்டால் நான் சிரம்பானில் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். அப்பாவை முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டியிருக்கும்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா தாமாக எழுந்ததே இல்லை. வாசலில் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டதும் சன்னல் கம்பியைப் பிடித்தார். நான் ஓடிப்போய்த் தாங்குவதற்குள் நின்றுவிட்டார்.

"வாங்க தொரே."

ஆயுள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரை வரும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பெரியவரு நல்லாத்தானே நிக்கிறாரு லா. படுக்கையில இருக்காருன்னு எப்படிக்கா எழுதுறது?" என்றார் அதிகாரி. நம் ஆள்தான். சங்கடத்தோடுதான் கேட்டார். மருத்துவர் கடிதத்தைக் காட்டினேன்.

"கண்ணால பார்த்ததத்தான்க்கா எழுதணும்."

அவர் கார் நகர்ந்ததும் அப்பா கால் மடங்கி என்மேல் சாய்ந்தார்.

"மரியாதையா நின்னேனாம்மா? குடுத்துருவாங்கல்ல?"

"நல்லா நின்னீங்கப்பா" என்றேன்.

மேல்முறையீடு செய்தால் வேறொருவர் வருவாராம். அவர் வரும்போது எழுந்திருக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வந்து சொல்வாயா?

உன் அக்கா